மெஷின் கிடைத்துவிட்டது, கடை எங்கே?

(மதுரையில் இளைஞர்கள் கூடிய ஓர் அரங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுயதொழிலும் சாதியும் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வு மாணவன். சுயதொழிலைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்தது என் அக்கா தையல் கடை போட்ட கதை மட்டும்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். ரவிக்கைத் துணிப் பிரிவு. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு பத்து மணியாகும். கடைசியாக வாங்கிய சம்பளம் 13,500 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. எங்கள் குடும்பத்தில் பி.எஃப். பிடிக்கிற வேலைக்குப் போன முதல் பெண் அவர்தான்.

அந்த வேலையில் உட்காரக் கூடாது. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. அக்கா வேலை பார்த்த இடத்துக்கும் ஸ்டூல் வந்தது. உட்கார்ந்தவர்களை மேற்பார்வையாளர் முறைத்த முறைப்பில், ஒரே வாரத்தில் அது துணி அடுக்கி வைக்கிற ஸ்டூலாகிவிட்டது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு அக்கா மருத்துவரிடம் போனபோது, நிற்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னார்.

நான்தான் தடுத்தேன். "அவசரப்படாதக்கா, ஒண்ணாந்தேதி ஆனா வர்ற காசு, அத விட்டா யாரு தருவா?" என்றேன். அக்கா சொன்னார்: "ஒம்பது வருசமா நின்னுக்கிட்டு ரவிக்கத் துணி கிழிச்சுக் குடுத்தாச்சு. இனி உக்காந்து தைக்கிறேன்டா."

மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. மாமா விட்டுப் போன பிறகு அக்கா தையல் படித்துச் சான்றிதழ் வாங்கி, மனுப் போட்டு, அரசு கொடுத்த இலவச மெஷின். அந்தத் திட்டத்தின் பெயர் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம். யார் இந்த அம்மையார்? 1967இல் அண்ணா அமைச்சரவையில் இருந்த தலித் பெண். கட்சிக்குள் தாழ்த்தப்பட்டவர்களுக்கு உரிய இடம் இல்லை என்று சொல்லி 1974இல் தி.மு.க.வை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். இடம் கேட்டுச் சண்டை போட்ட ஒருவரின் பெயரில் நம் பெண்களுக்கு மெஷின் வருகிறது. ஆனால் அந்த மெஷினைப் போடுவதற்கு ஓர் இடம் வேண்டுமே?

ஊரில் மெயின் ரோட்டில் இரண்டு கடைகள் காலியாகக் கிடந்தன. முதல் கடைக்காரர் வாடகை சொன்னார், அட்வான்ஸ் சொன்னார், பிறகு "எந்தத் தெரு தாயி?" என்று கேட்டார். மறுநாள் போனால், சொந்தக்காரப் பையன் செல்போன் கடை வைக்கக் கேட்டிருக்கிறானாம். இரண்டாவது கடைக்காரர் தெருவைக்கூடக் கேட்கவில்லை, அவருக்கு அக்காவைத் தெரியும். யாரும் வாய் திறந்து சாதியைச் சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எழுதிக் கொடுக்க ஒரு வார்த்தைகூட நம் கையில் இல்லை. அக்கா காலனி வீட்டுத் திண்ணையிலேயே மெஷினைப் போட்டார்.

ரவிக்கைகள் வந்தன. ஊர்த் தெருவிலிருந்தும் வந்தன. "தீண்டாமை எங்கே இருக்கு, எல்லாரும்தான் வர்றாங்களே" என்று நானே நினைத்தேன். அக்காதான் எனக்கு விளக்கினார். ஊர்த் தெருப் பெண்கள் அளவு ரவிக்கையைக் கட்டைப் பையில் போட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்து விடுவார்கள். அளவு ரவிக்கை கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் கல்யாண ரவிக்கை அப்படி முடியாது. கழுத்து, கைவளைவு, முதுகு இறக்கம் எல்லாம் டேப் வைத்து உடம்பில் அளவெடுக்க வேண்டும். இரண்டு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு அவர்கள் மேலூருக்கோ மதுரைக்கோ போனார்கள். இரண்டு வருடத்தில் ஊர்த் தெருவிலிருந்து ஒரு கல்யாண ரவிக்கைகூட அக்காவிடம் வரவில்லை.

தையலில் காசு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இதன் பொருள் விளங்கும். சாதா ரவிக்கைக்கு அக்கா வாங்கியது 150 ரூபாய். நூல், ஹூக், கரண்டு எல்லாம் அதற்குள்தான். வெட்டி, தைத்து, ஹூக் கட்டி, கை ஓரம் மடித்து முடிக்க, சுறுசுறுப்பான ஆளுக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகும். சித்திரைத் திருவிழா, தீபாவளி, பொங்கலுக்குக் குவியும் துணி, ஆடியிலும் மார்கழியிலும் இருக்காது. லைனிங் வைத்தால் இரட்டிப்பு. ஆரி வேலையோடு கல்யாண ரவிக்கை என்றால் 3,000, 4,000. ஒரு முகூர்த்த மாதத்தில் நாலு கல்யாணம் கிடைத்தால் வாடகை போக நிமிர்ந்துவிடலாம். தொடாமல் செய்யக்கூடிய வேலை நமக்கு வருகிறது, காசுள்ள வேலை நம் கையைத் தாண்டிப் போகிறது. ஜவுளிக்கடைச் சம்பளத்தில் பாதியைக்கூட அக்கா அந்த இரண்டு வருடத்தில் பார்க்கவில்லை.

ரவிக்கைக்கும் சாதிக்கும் உள்ள உறவு இங்கே புதியதில்லை. 1930 டிசம்பரில், பக்கத்து ராமநாதபுரம் சீமையில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மார்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் பாட்டிகளின் காலம் அது. ரவிக்கை போடக் கூடாது என்று சொல்லப்பட்ட வீட்டுப் பெண், இன்று ஊருக்கே ரவிக்கை தைக்கிறார். அதற்கு மேல் அவரை நகர விடாமல் நிறுத்துகிற இடம்தான் நாம் பேச வேண்டியது.

இந்த இடத்தில் விஸ்வகர்மா திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கியது. 18 தொழில்கள். முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, செருப்புத் தைப்பவர் வரிசையில் தையல்காரரும் உண்டு. குடும்பம் வழிவழியாகச் செய்யும் தொழில் என்பதும் 18 வயது என்பதும் தகுதிகள். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்குக் கடன். 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, எதிர்ப்பில் 1954இல் கைவிடப்பட்ட குலக்கல்வித் திட்டம் இங்கே எல்லோருக்கும் நினைவு வந்ததில் வியப்பில்லை. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இதை ஏற்க மறுத்தது. 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 35 வயதுக்கு மேல், குடும்பத் தொழில் என்ற நிபந்தனை கிடையாது, 3 லட்சம் வரை கடன், 50,000 வரை மானியம்.

மறுத்தது சரி. அதை ஆதரிக்கிறேன். குலத்தொழில் என்பதே எவ்வளவு பொய் என்பதற்குத் தையலே சாட்சி. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகள், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் தையல் வேலை செய்பவர்களாகப் பாணர்களைக் குறிப்பிடுகின்றன. சங்க இலக்கியத்தில் யாழோடு ஊர் ஊராகப் போன பாணர்களின் பெயர் அது. யாழ் எப்போது ஊசியானது? ஆதியிலிருந்தே வருகிற தொழில் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு காலத்திலும் யாரோ சிலர் மேல் சுமத்தப்பட்டதுதான். தேவைக்குத் தகுந்தபடி தொழிலை மாற்றிக்கொள்ள விடாமல் செய்வதால் சாதியே வேலையின்மைக்குக் காரணமாகிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதும் இதைத்தான்.

ஆனால் தோழர்களே, நம் வாதம் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அக்கா அப்பன் தொழிலைச் செய்யவில்லை. அவராகத் தேர்ந்தெடுத்த தொழில். பிறப்புச் சான்றிதழ் கேட்காமல் அரசு கடன் கொடுக்கலாம். மெயின் ரோட்டுக் கடைக்காரரும், கல்யாண வீட்டுக்காரர்களும் அந்தச் சான்றிதழைக் கேட்காமலேயே தெரிந்து வைத்திருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

தைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆயத்த ஆடை ஆலைகள் இருக்கின்றனவே என்பார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆலைத் தொழிலாளி, 20 வயது தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் கொல்லப்பட்டார். ஆலை மேற்பார்வையாளர் கைதானார். அதன் பிறகு தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தையும் வெளிநாட்டு நிறுவனத்தையும் கையெழுத்துப் போட வைத்ததுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். மாதச் சம்பளமானாலும் சொந்தக் கடையானாலும், சங்கமாகச் சேராமல் நமக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

அக்கா கதை எங்கே போனது என்று கேட்பீர்கள். இப்போது மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. வாடகை 2,500. அங்கே அவர் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் அளவெடுக்கிறார். போன தையில் ஆறு கல்யாண ரவிக்கை. பழைய சம்பளத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் ஒரு பயம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் யாராவது கடைக்கு வந்தால், பக்கத்தில் வாடிக்கையாளர் இருக்கும்போது என்ன பேசிவிடுவார்களோ என்று அக்கா வேகமாக வெளியே வந்து வாசலிலேயே துணியை வாங்கிக்கொள்கிறார். சொந்தக் கடையில் சொந்தத் தெருவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வெற்றிக் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இங்கிருக்கிற தம்பி, தங்கைகளிடம் நான் கேட்பது மூன்று. உங்கள் ஊராட்சியிலும் நகராட்சியிலும் உள்ள கடைகள் யார் யாருக்கு ஏலம் போயிருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். பட்டியல் சாதிப் பெண்களுக்கு அதில் பங்கு கேட்போம். பள்ளிச் சீருடைகளைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். உங்கள் தெருவில் தைக்கத் தெரிந்த பெண்களை அதில் உறுப்பினராக்குங்கள். ஆடி மாதத்திலும் கையில் துணி இருக்கும். மூன்றாவது, வேலையை விடலாமா என்று கேட்கும் அக்காக்களிடம், நான் சொன்ன மாதிரி "யாரு தருவா" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறு மாதச் செலவுக்குக் காசு இருக்கிறதா, கடைக்கு இடம் பார்த்தாயிற்றா, கூட யார் நிற்கிறோம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நான் அன்று அந்தக் கணக்கைப் போட்டிருந்தால், அக்கா திண்ணையில் இரண்டு வருடத்தைத் தொலைத்திருக்க மாட்டார்.