பழுதான பம்பு சொன்ன பாடம்



இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே, உங்களில் பலருடைய ஊரில் ஓர் அடிபம்பு இருந்திருக்கும். பெரும்பாலும் அது இந்தியா மார்க் 2. ஒரு பொருளை எப்போது சோதிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

1960களின் பிற்பகுதியில் கடும் வறட்சி. பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் வந்தன, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். மேலே பொருத்தியது வார்ப்பிரும்பு பம்பு. மேலைநாட்டில் ஒரு குடும்பம் பயன்படுத்துவதற்கென உருவான வடிவத்தின் நகல் அது. நம் ஊரிலோ விடியுமுன் குடங்கள் வரிசைகட்டினால் இருட்டும்வரை கைப்பிடிக்கு ஓய்வில்லை. ஆணி தேய்ந்தது, கைப்பிடி ஆடியது, வார்ப்பு உடைந்தது. 1970களின் நடுவில் ஆய்வு செய்தபோது சுமார் 75 விழுக்காடு பம்புகள் வேலை செய்யாமல் நின்றன. ஒரு நாளைக்கு எத்தனை பேர் இதை அடிப்பார்கள் என்று வரைபடக் கட்டத்திலேயே யாராவது கேட்டிருந்தால், ஒரு பென்சிலாலும் ரப்பராலும் திருத்தியிருக்கலாம். கேட்காததற்கான விலையைத் தலையில் குடத்தோடு தொலைவு நடந்த பெண்கள் கொடுத்தார்கள்.

அடுத்து பம்பை வடிவமைக்க வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். மகாராஷ்டிரத்தில், சோலாப்பூரில் உருவாகியிருந்த எஃகு பம்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். கைப்பிடிக்கு பேரிங், உள்ளே இறங்கும் கம்பியை நேராக இழுக்க ஒரு சங்கிலி. உடனே ஆயிரக்கணக்கில் செய்துவிடவில்லை. கோவைப் பக்கம், நீர்மட்டம் மிக ஆழத்தில் கிடக்கும் கிணறுகளைத் தேடி மாதிரி பம்புகளைப் பொருத்தினார்கள். சுலபமான கிணற்றில் ஓட்டிக்காட்டிப் பெயர் வாங்க அவர்கள் நினைக்கவில்லை. அதன்பிறகுதான், 1977இல், சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் மார்க் 2 உற்பத்தி தொடங்கியது.

என்னை மிகவும் கவர்ந்தது இதற்கு அப்புறம் நடந்தது. மார்க் 2 வெற்றி பெற்ற பம்பு. ஆனாலும் 1980களில் மறுபடி கோவை வட்டாரக் கிராமங்களுக்கே போய், வருடக்கணக்கில் ஒவ்வொரு பழுதையும் குறித்து வைத்தார்கள். அடியில் உள்ள சிலிண்டரில் ஒரு தோல் வாஷர் தேய்கிறது. கையகலச் சாமான்தான். அதை மாற்ற, பூமிக்குள் இறங்கியிருக்கும் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்கு வண்டி வேண்டும், ஆட்கள் வேண்டும். இதைப் பார்த்துத்தான் தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வந்தது. குழாயை அகலமாக்கி, பிஸ்டனைக் குழாய்க்குள்ளிருந்தே மேலே உருவும்படி மாற்றினார்கள். அதுதான் மார்க் 3. இதை யார் பழுது பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த அகலக் குழாய்தான் பதில்.

பம்பை ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்தார்கள்; நம் கல்லூரிகளில் மதிப்பீடு எப்போது நடக்கிறது? கடைசி செமஸ்டரில், வைவா அன்று. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், மாடல் ஓடும், மதிப்பெண் விழும். மதிப்பீடு என்பது முடிந்துபோன பொருளுக்கு இன்னொருவர் செய்வது என்ற எண்ணம் மாணவர் மனதில் பதிந்துவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மேடையிலிருக்கும் ஆசிரியர்களை வேண்டிக் கேட்கிறேன்: மாணவர் கைவிட்ட வரைபடத்துக்கும், ஏன் கைவிட்டார் என்ற காரணத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள். அட்டையில் வெட்டிய மாதிரியையே ஊருக்குள் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் நம் மக்கள் “நல்லா இருக்கு தம்பி” என்றுதான் சொல்வார்கள். உங்கள் மனம் நோகக் கூடாதென்று சொல்வார்கள். அதனால் கேட்காதீர்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு வாய் பேசாமல் நில்லுங்கள். விரல் எங்கே தடுமாறுகிறது, எந்தப் பொத்தானை இரண்டு முறை அமுக்குகிறார்கள், எப்போது பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் கை பொய் சொல்லாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, உங்கள் நிறுவனத்தின் பொருள் பழுதாகி வந்து சேரும் சர்வீஸ் சென்டரில் ஒரு நாள் போய் உட்காருங்கள். திரும்பி வந்து, அடுத்த வரைபடம் மேசையில் விரிக்கப்படும்போது, அங்கே பார்த்ததைச் சொல்லுங்கள். அறையில் நீங்கள்தான் வயதில் இளையவராக இருந்தாலும் சொல்லுங்கள்.