ஆட்சிப் பீடத்தில் ஒரு சமதர்மவாதி



வண்டன்மேடு ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். பொழுது புலருமுன் கம்பத்திலிருந்தும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் ஜீப்புகளில் மலையேறி வந்து, மாலையில் வீடு திரும்பும் தமிழ்த் தொழிலாளரும், மேற்கேயுள்ள சமவெளியிலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறிய மலையாள விவசாயிகளும் அருகருகே பாடுபடும் மலை இது. இங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்றால், நெடுங்கண்டத்துக்கு அண்மையில், கல்லாறு என்னும் இடத்தில் 'பட்டம் காலனி' என்றொரு குடியேற்றத்தைக் காணலாம். அப் பெயருக்கு உரியவர் பட்டம் தாணுபிள்ளை. சமதர்மக் கட்சியின் தலைவராக இருந்து மும்முறை ஆட்சிப் பொறுப்பு வகித்தவர் என்று அவரைச் சிலர் கூறுவதுண்டு. உண்மையில் அவர் சமதர்மவாதியாக ஆட்சி செய்தது இரு முறையே. அவ்விரு முறையும் அவர் எதிர்ப்பட்ட சோதனையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஏழைகளின் சார்பில் பேசிய ஒருவர் மந்திரியானபின், அந்த அரசாங்கத்தின் துப்பாக்கி ஏழைகள்மீதே திரும்புமானால் அவர் என்ன செய்யவேண்டும்? இக் கேள்வி நம் நாட்டில் முதன்முதலாக எழுந்ததன்று. பிரெஞ்சு நாட்டில் 1899ஆம் ஆண்டு அலெக்சாந்தர் மில்லெரான் என்ற சமதர்மவாதி வர்த்தக மந்திரியானார். அதே மந்திரி சபையில் யுத்த மந்திரியாக வீற்றிருந்தவர், 1871இல் பாரிஸ் தொழிலாளர் புரட்சியை இரத்தத்தில் மூழ்கடித்த தளபதி கலிஃபே. இவ்விருவரும் ஒரே மேசையில் அமரலாமா என்பது பற்றி ஐரோப்பியச் சமதர்மவாதிகள் பல்லாண்டுகள் வாதிட்டனர்.

பின்னர் 1936இல் அந் நாட்டின் பிரதம மந்திரியானவர் லியோன் புளூம். வாரத்திற்கு 40 மணி நேர வேலை, ஆண்டிற்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை ஆகிய பெரும் சீர்திருத்தங்கள் அவரது ஆட்சியில் சட்டமாயின. ஆனால் 1937 மார்ச் 16ஆம் நாள், பாரிஸை அடுத்த கிளிஷி என்ற ஊரில், வலதுசாரிகளின் கூட்டமொன்றை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்மீது போலீசார் சுட்டனர், உயிர்கள் பறிபோயின. போலீசுக்குப் பொறுப்பான உள்நாட்டு மந்திரியும் சமதர்மவாதியே. இசை நாடக அரங்கிலிருந்த புளூம், விருந்துக்குரிய உடையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். பதவி விலகலாமா என்றும் எண்ணினார், ஆயினும் விலகவில்லை. அவ்வாண்டு ஜூனில் அவர் விலகியது வேறொரு காரணம் பற்றி.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1885இல் திருவனந்தபுரத்தில் பிறந்த தாணுபிள்ளை, வழக்கறிஞர் தொழிலை விட்டு, பொறுப்பாட்சி கோரும் போராட்டத்தில் இறங்கினார். 1938இல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸின் தலைவராகி, திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் அடக்குமுறையை எதிர்த்துச் சிறை புகுந்தார். 1948 மார்ச்சில் திருவிதாங்கூரின் முதல் மக்கள் மந்திரி சபைக்குப் பிரதம மந்திரியானார். சில மாதங்களிலேயே சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பால் பதவி இழந்தார். காங்கிரஸை விட்டு வெளியேறிச் சோஷலிஸ்டுகளுடன் சேர்ந்தார்.

1954ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் எக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. 19 இடங்களே பெற்ற பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி, காங்கிரஸின் ஆதரவை ஊன்றுகோலாகக் கொண்டு மந்திரி சபை அமைத்தது. தாணுபிள்ளை முதல் மந்திரியானார். பிறர் தயவில் நிற்கும் ஆட்சி எத்தகைய அச்சங்களுக்கு உள்ளாகும் என்பதை நேயர்கள் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

அக் காலத்தில், தென் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களையும், செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளையும் சென்னை இராஜ்யத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடி வந்தது. தேவிகுளம் பகுதியில் தடையை மீறிய நேசமணி முதலிய தலைவர்கள் 1954 ஜூலையில் கைதாயினர். ஆகஸ்டு 11ஆம் நாளை விடுதலை தினமாகக் கொண்டாட மக்கள் திரண்டபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர். தமிழர் பலர் மாண்டனர். கூட்டம் வன்முறையில் இறங்கியதால் சுட நேர்ந்தது என்பது அரசாங்கத்தின் விளக்கம்.

அப்போது கட்சியின் பொதுச் செயலாளரான டாக்டர் ராம் மனோகர் லோகியா, நீர்வரி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் ஈடுபட்டு உத்தரப் பிரதேசத்தில் சிறையிலிருந்தார். அங்கிருந்தே தம் கட்சியின் மந்திரி சபை பதவி விலக வேண்டுமென்று தந்தி அனுப்பினார். மக்கள்மீது சுட்ட அரசு விலகி நின்று விசாரணைக்கு வழிவிட வேண்டும். அந்நிய ஆட்சியினின்றும் சுதந்திர ஆட்சி வேறுபட்டதென்பதை வேறெவ்வாறு காட்டுவது என்பதே அவர் வாதத்தின் சாரம். தாணுபிள்ளை இணங்கவில்லை. ஒழுங்கைக் காக்கும் கடமை எந்த ஆட்சிக்கும் உண்டு. ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டிற்கும் மந்திரி சபை விலகுவதானால் எந்த ஆட்சியும் நிலைக்காது என்பது அவர் பக்கத்தினரின் வாதம். நவம்பரில் நாகபுரியில் கூடிய கட்சி மாநாடு லோகியாவின் நிலையை ஏற்கவில்லை. அவர் பொதுச் செயலாளர் பதவியைத் துறந்தார். 1955இல் கட்சியே பிளவுண்டது. அதற்கு முன்பே, அவ்வாண்டு பிப்ரவரியில், காங்கிரஸின் ஆதரவை இழந்து தாணுபிள்ளையின் மந்திரி சபை கவிழ்ந்தது. எந்தப் பதவியைக் காக்கக் கட்சி பிளவுறும் நிலையை ஏற்றாரோ, அந்தப் பதவி ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை.

அதே குறுகிய ஆட்சிக் காலத்தில்தான் நம் மலையில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. நிலமற்ற குடும்பங்களுக்கு ஐந்து ஏக்கர் வீதம் அளித்து, உணவு விளைவிக்கச் செய்வது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. கல்லாற்றுக் குடியேற்றம் அவர் பெயரைப் பெற்றது இதனால்தான். தமிழர் தரப்போ இதை வேறு கண்ணால் பார்த்தது. எல்லை முடிவாகுமுன் மலையின் மக்கள் தொகையை மாற்றும் சூழ்ச்சி இது என்று குற்றம் சாட்டியது. இராஜ்யப் புனரமைப்புக் கமிஷன், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திற்கே உரியன என்று 1955இல் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் முதல் நாள், தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னையுடன் சேர்ந்தன. நம் மலை கேரளத்தில் நின்றது. நிலம் பெற்ற ஏழைக்கு அது வாழ்வு. அதே நிலத்தில் நெடுங்காலமாகக் கூலி வேலை செய்தவனுக்கு அது ஏமாற்றம். இரண்டும் உண்மையே, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

1960 பிப்ரவரியில் தாணுபிள்ளை கேரளத்தின் முதல் மந்திரியானார். இம்முறையும் தம் கட்சி சிறுபான்மையே; காங்கிரஸே பெரிய கூட்டாளி. 1961 மே மாதத்தில், இடுக்கி நீர்மின் திட்டத்தின் பொருட்டு ஐயப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த விவசாயிகள் வெளியேற்றப்பட்டனர். மழைக்காலம் நெருங்கும் வேளையில் அவர்கள் குமுளிக்கருகே அமராவதியில் கொண்டு வந்து விடப்பட்டனர். அவர்களுக்காக ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதமிருந்தார். ஆறாண்டுகளுக்கு முன் ஏழைக்குக் காட்டில் நிலம் கொடுத்தவரின் ஆட்சியில், இன்னொரு காட்டிலிருந்து ஏழை வெளியேற்றப்பட்டான். மின்சாரம் வேண்டியதே. ஆனால் திட்டத்தின் விலையை யார் கொடுப்பது என்று கேட்கவேண்டிய முதல் கடமை, சமதர்மம் பேசிய மந்திரிக்கே உண்டு. 1962இல் அவர் பஞ்சாபின் கவர்னராகச் சென்றார். பின் ஆந்திரப் பிரதேசத்தின் கவர்னராயிருந்து, 1970இல் காலமானார்.

தாணுபிள்ளையைத் தூற்றுவது நம் நோக்கமன்று. திவானாட்சிக்கு அஞ்சாதவர், நிலமற்றவனுக்கு நிலம் என்ற சொல்லைக் கல்லாற்றில் செயலாக்கியவர். புளூமைப் போலவே அவரும், ஆட்சியை விட்டால் செய்ய எண்ணிய நன்மைகளும் போய்விடும் என்று கருதியிருக்கலாம். அக் கருத்தை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. ஆனால் ஓர் அளவுகோல் நமக்கு வேண்டும். மந்திரியின் கொள்கையை அவர் கட்சியின் பெயரைக்கொண்டு அளக்கலாகாது. ஆட்சியால் துன்புற்றவன் வாசலில் அவர் எத்தனை விரைவில் போய் நின்றார், அத் துன்பத்துக்கு எவ்வளவு பொறுப்பேற்றார் என்பதைக் கொண்டே அளக்கவேண்டும். லோகியா கேட்டது அதைத்தான். அவர் தோற்றார், அவர் கேள்வி தோற்கவில்லை.

வண்டன்மேட்டில் ஏலச் செடிகளிடையே நிற்கும் தமிழ்த் தொழிலாளியும், பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடியேற்ற விவசாயியும், தத்தம் முன்னோரின் நினைவில் அக் கேள்வியைச் சுமந்தே நிற்கின்றனர். நாளை எக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், அவ்விருவரும் சேர்ந்து அதைக் கேட்கும் உரிமையை நாம் இழந்துவிடலாகாது.