பிளாரன்ஸ் நகரில் இரு நாட்கள்

இத்தாலி நாட்டின் கலைக் கருவூலமென விளங்கும் பிளாரன்ஸ் நகரில் ஒரு சனியும் ஞாயிறும் தங்கும் பேறு எனக்குக் கிட்டிற்று.

முதல் நாள் பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறினேன். 463 படிகள்! தரையிலிருந்து தாங்கும் மரச்சட்டம் ஏதுமின்றி, 1420 முதல் 1436 வரை புருனெலெஸ்கி என்னும் மேதை எழுப்பிய விந்தை அது. உச்சியில் நின்றால் செவ்வோட்டுக் கூரைகளும் அவற்றினூடே ஆர்னோ ஆறும் கண்ணுக்கு விருந்தாகும்.

அவ்வாறே ஒரு நாள் பகையும் ஆயிற்று. மறுநாள் சாந்தா குரோச்சே ஆலயத்தில் அதன் வடுவைக் கண்டேன். 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ கரைபுரண்டபோது, ஆங்கிருந்த சிமாபுவேயின் சிலுவை ஓவியம் தன் வண்ணத்தில் பெரும்பகுதியை இழந்தது. செப்பனிட்டோர் இழந்த உருவைக் கற்பனையால் வரைந்து நிரப்பவில்லை. இழப்பு இழப்பாகவே புலப்படுமாறு நுண்ணிய வண்ணக் கோடுகளை மட்டும் இட்டனர். என்னே அவர்தம் நேர்மை!

அருகிலுள்ள தேசிய நூலகத்திலும் வெள்ளம் புகுந்து, பத்து லட்சம் அளவில் நூல்களும் இதழ்களும் சேற்றில் மூழ்கின. பல நாட்டு இளைஞர்கள் விரைந்து வந்தனர். வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி அவற்றை மீட்டனர். அவர்களைச் ‘சேற்றுத் தேவதைகள்’ என இத்தாலியர் இன்றும் போற்றுகின்றனர். அவருள் பலர் உங்களைப் போன்ற மாணவர்களே.

குவிமாடம் எழுப்ப ஒரு புருனெலெஸ்கி வேண்டும். சேற்றிலிருந்து ஒரு நூலை எடுத்துத் துடைக்க, நாம் ஒவ்வொருவரும் போதும்.