ஜெயிலுக்குள்ளும் மனிதன் மனிதனே



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பொதுக்கூட்டங்களில் அதிகமாகப் பேசப்படாத ஒரு விஷயமாகும். ஜெயிலில் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு அங்கு நேரும் கொடுமைகளுக்குச் சட்டத்தில் என்ன பரிகாரம் இருக்கிறது என்பதே அது. "திருடனுக்கும் கொலைகாரனுக்கும் பரிந்து பேசவா இந்தக் கூட்டம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறோம்.

2022-ம் வருஷக் கடைசியில் இந்தியாவின் ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது இன்னும் விசாரணை முடியாமல், குற்றவாளி என்று தீர்ப்பும் ஆகாமல் அடைபட்டுக் கிடப்பவர்கள். நான்கு பேரில் மூன்று பேர் இப்படிப்பட்டவர்கள்தான். சர்க்காரே போட்ட கணக்கு இது. இத்தனை பேரையும் அடைத்திருந்த இடமோ 4,36,266 பேருக்கென்று ஏற்பட்டது. நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர் படுத்தால் தண்ணீரும் கக்கூசும் வைத்தியமும் என்ன கதியாகும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமா?

இனி, தண்டனை என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒருவனுக்கு மூன்று வருஷம் சிறை என்று ஜட்ஜு தீர்ப்பு எழுதினால், அவன் மூன்று வருஷம் வெளியில் நடமாடக்கூடாது என்பதுதான் அதன் பொருள். அவன் அடிபட வேண்டும், புழுத்த சோறு தின்ன வேண்டும், நோய் வந்தால் மருந்தில்லாமல் கிடக்க வேண்டும் என்று எந்த ஜட்ஜும் எழுதுவதில்லை. ஜட்ஜு எழுதாத தண்டனையை வார்டர் கொடுப்பாரானால் அதுவே சட்ட விரோதமாகும். குற்றம் ருஜுவானவன் நிலைமையே இதுவானால், ருஜுவாகாதவனைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

ஆனால் நம் ஜனங்கள் செய்வதென்ன? மகன் ஜெயிலில் அடிபடுகிறான் என்று கேள்விப்பட்டால், "அவன் தலையெழுத்து" என்று தாய் அழுகிறாள். தகப்பன் சாமிக்கு நேர்ந்துகொண்டு, மிச்சமுள்ள நகையை அடகு வைத்துத் தரகனிடம் கொடுக்கிறான். தோழர்களே! தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லுவதை இதுவரை ஒருவரும் படித்துக் காட்டினதில்லை. சட்டப் புஸ்தகத்தில் எழுதியிருப்பதையோ யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே அதைப் படிப்போம்.

ஒரு கடுதாசி செய்த வேலை

டில்லியில் திகார் ஜெயில் என்று ஒன்று இருக்கிறது. அதில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த சுனில் பாத்ரா என்ற கைதி, சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜு ஒருவருக்கு ஒரு கடுதாசி எழுதினார். தமக்காக அவர் எழுதவில்லை. வேறொரு கைதியின் உறவினரிடம் பணம் பறிப்பதற்காக அந்தக் கைதியை ஒரு தலைமை வார்டர் தடியால் மிருகத்தனமாகச் சித்திரவதை செய்தார் என்று எழுதினார். வக்கீல் இல்லை, ஸ்டாம்பு இல்லை, முறைப்படியான மனுவும் இல்லை. ஆனாலும் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கடுதாசியையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்து, 1979 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பை எழுதியவர் ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர். அவர் 1948-ல் தாமே சிறிது காலம் சிறையில் வைக்கப்பட்டவர். 1957-ல் கேரள மந்திரிசபையில் சிறை இலாகாவையும் பார்த்தவர். அதாவது கம்பிக்கு இரண்டு பக்கத்தையும் அறிந்தவர்.

அந்தத் தீர்ப்பின் சாரம் என்னவென்றால், ஜெயில் வாசலைத் தாண்டினவுடன் மனிதன் தன் அடிப்படை உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிடுவதில்லை என்பதாகும். கைதிகள் புகார் எழுதிப் போடுவதற்கு ஜெயிலில் பெட்டி இருக்க வேண்டும். அந்தப் பெட்டி ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டு, செஷன்ஸ் ஜட்ஜு இவர்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர்கள் ஜெயிலுக்கு நேரில் போய்க் கைதிகளைக் கேட்டறிய வேண்டும் என்றெல்லாம் அதில் உத்தரவாயிற்று.

கோர்ட்டுக் கதவு திறந்திருப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்கள், அது மூடப்பட்டிருந்த காலத்தை நினைத்துப் பார்க்கட்டும். நெருக்கடி நிலைமையில், 1976 ஏப்ரலில், காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுப் போடவே உரிமை இல்லை என்று அதே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. ஐந்து ஜட்ஜுகளில் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு எழுதினார். அதே 1976 பிப்ரவரியில், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட பழைய சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அங்கு அடிபட்ட சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார். பின்னால் ஜஸ்டிஸ் இஸ்மாயில் கமிஷன் வைத்து இதையெல்லாம் விசாரிக்க வேண்டியதாயிற்று. மாஜி மேயருக்கும் பார்லிமெண்டு மெம்பருக்குமே இந்தக் கதியென்றால், பெயர் தெரியாத கூலிக்காரன் கதி என்ன? பிறகு 1978-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நெருக்கடியிலும் உயிருக்கும் உடலுக்குமுள்ள உரிமையை நிறுத்திவைக்க முடியாதபடி செய்தார்கள். 1976-ம் வருஷத் தீர்ப்புத் தவறு என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது.

ஜெயிலிலும் ஜாதி

நிற்க, ஜெயிலுக்குள் ஜாதி எப்படி ஆட்சி செய்தது என்பதையும் பாருங்கள். மேற்கு வங்காளத்து ஜெயில் விதிகளில், கூட்டுகிற வேலைக்கு மேத்தர், ஹாரி ஜாதிக் கைதிகளை எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ராஜஸ்தானத்திலோ சமையலுக்குப் பிராமணன், அல்லது போதிய மேல்ஜாதி இந்துக் கைதி! குற்றத்திற்கு ஒரே சட்டம்; கக்கூஸ் கழுவுவதற்கு மாத்திரம் மனுவின் சட்டம்! நம் நாட்டைப் பற்றியும் மறைக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டை ஜெயிலில் ஜாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைப்பதைச் சண்டையைத் தடுக்கும் ஏற்பாடு என்று சென்னை ஹைக்கோர்ட்டு ஒப்புக்கொண்டிருந்தது. இது செல்லாது என்று 2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி, ஜெயில் ரிஜிஸ்தரில் ஜாதிக் கலத்தையே எடுத்துவிடச் சொல்லிற்று. இந்த வழக்கைப் போட்டவர் ஒரு பத்திரிகைக்காரப் பெண்மணி என்பதைக் கவனியுங்கள். நூறு வருஷமாக ஆயிரக்கணக்கான உத்தியோகஸ்தர்கள் படித்துக் கையெழுத்துப் போட்டுவந்த விதியை, ஒரு பெண் கேள்வி கேட்டு ஒழித்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது

இனிக் காரியத்திற்கு வருவோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் ஜெயிலுக்குப் போனால் என்ன செய்வது?

முதலாவது, காவலிலிருக்கும் எவருக்கும் வருமானத்தைப் பாராமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்லுகிறது. ஜில்லாக் கோர்ட்டுக் கட்டிடத்திலேயே அதன் ஆபீஸ் இருக்கும். 15100 என்ற டெலிபோன் நம்பரிலும் கேட்கலாம். இது பிச்சையல்ல, பாத்தியதை.

இரண்டாவது, விசாரணைக் கைதி எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவுப்படி, அந்தக் குற்றத்திற்குரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலமும், முன் தண்டனை அடையாதவரானால் மூன்றில் ஒரு பங்கும் கழிந்துவிட்டால் ஜாமீன் கோரலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் கழிந்தவுடன் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது ஜெயில் சூப்பரின்டெண்டின் கடமை. அவர் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

மூன்றாவது, அடி, உதை, வைத்திய மறுப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், காயம் எந்த இடத்தில், பார்த்தவர் யார், டாக்டரிடம் காட்டினார்களா என்று எழுதி, செஷன்ஸ் ஜட்ஜுக்கும் சட்டப் பணிகள் ஆபீசுக்கும் அனுப்பி ரசீது வாங்கி வையுங்கள். மனித உரிமைக் கமிஷனுக்கு ஒரு வருஷத்திற்குள் எழுத வேண்டும். ஹைக்கோர்ட்டில் 226-வது பிரிவுப்படி மனுப் போடலாம். புண் ஆறிப்போகும்; காகிதம் ஆறிப்போகாது.

நான்காவது, நஷ்டஈடும் உண்டு. பீகாரில் ருதுல் ஷா என்பவர் 1968-ல் குற்றவாளியல்லவென்று விடுதலை செய்யப்பட்டும் 1982 வரையில் உள்ளேயே கிடந்தார். பதினான்கு வருஷம்! 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு, முன்னால் கொடுத்த 5,000 ரூபாய் போக இன்னும் 30,000 ரூபாய் கொடுக்கும்படி பீகார் சர்க்காருக்கு உத்தரவிட்டது. பதினான்கு வருஷத்திற்கு இது ஒரு விலையா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் சர்க்காரும் தன் தப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை அன்று நிலைநாட்டப்பட்டது.

இதையெல்லாம் சொல்வதால் கோர்ட்டு எல்லாவற்றையும் சரிப்படுத்திவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. நெருக்கடியைக் குறைக்கும்படி 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லியும், ஆறு வருஷம் கழித்து இருந்த கணக்கை ஆரம்பத்திலேயே சொன்னோம். புகார் எழுதின கைதியை மறுநாள் வார்டர் பழிவாங்குவதும் உண்டு. ஆனதினால்தான் உள்ளே இருப்பவருக்காக வெளியே இருப்பவர்கள் எழுத வேண்டும் என்கிறோம். ஒரு வீட்டார் தனியாக எழுதப் பயப்பட்டால், பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்கள் ஊருக்கு இரண்டு பேர் இதற்கென்று முன்வாருங்கள். அதற்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒரு காகிதமும், கேள்வி கேட்கும் துணிவும் இருந்தால் போதும்.