பலத்த கையின் கீழ்

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)



இந்த ஆராதனையில் பேச டொக்டர் ஒருவரைத் தேடினார்களாம். தலைப்பு என்னவென்று கேட்டேன். தேவனுக்கு முன்பாகத் தாழ்மை என்றார்கள். டொக்டர்மாருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்று செயற்குழு தீர்மானித்திருக்கலாம். நான் மறுத்துப் பேசவில்லை.

நூற்றாண்டு என்பது கொஞ்சம் ஆபத்தான இடம். பாபிலோனின் அரசன் நேபுகாத்நேச்சார் அரண்மனையின் மேல்மாடியில் உலாவிக்கொண்டு, இதெல்லாம் என் வல்லமையால் நான் கட்டியதல்லவா என்று சொன்னதைத் தானியேலின் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தப் பேச்சு அவன் வாயில் இருக்கும்போதே அவனுடைய அரசு போய்விட்டது. நாங்களும் இன்று ஒரு மேல்மாடியில்தான் நிற்கிறோம். எத்தனை டொக்டர்மார், எத்தனை பொறியியலாளர்கள், எத்தனை பேராசிரியர்கள் என்று கணக்குப் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை யாருக்கு முன்னால் வாசிக்கிறோம் என்பது முக்கியம்.

எனக்கு மிகவும் பிடித்த வேதாகமக் கதை ஒரு நோயாளியின் கதை. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், ஐந்தாம் அதிகாரம். நாமான் சீரியாவின் படைத்தலைவன். அவனுக்குக் குஷ்டரோகம். அவனுடைய வீட்டில் இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்து வந்த ஒரு சிறுபெண் வேலை செய்கிறாள். இந்த நோயைத் தீர்க்கக்கூடிய ஒருவர் சமாரியாவில் இருக்கிறார் என்று அவள்தான் சொல்கிறாள். இந்தக் கதையில் வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தன்னை வீட்டைவிட்டுப் பிரித்துக் கொண்டு வந்தவன் சுகமாக வேண்டும் என்று நினைத்தாளே, அது எவ்வளவு பெரிய மனம்!

பிறகு நடந்ததைப் பாருங்கள். நாமான் வெள்ளி, பொன், உடுப்புகள், அரசனின் கடிதம் எல்லாவற்றோடும் போகிறான். எலிசா வெளியில்கூட வரவில்லை. யோர்தானில் ஏழுதரம் முழுகு என்று ஆள் சொல்லி அனுப்புகிறார். எங்கள் ஊர் ஆறுகள் இதைவிடத் திறமானவை என்று நாமான் கோபித்துக்கொண்டு திரும்புகிறான். அவனைத் தடுத்தவர்களும் வேலைக்காரர்களே. பெரிய காரியம் ஏதும் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, இந்தச் சின்னக் காரியத்தைச் செய்தால் என்ன என்கிறார்கள். இருபது வருடமாக வாட்டுகளில் நடக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இது நூற்றுக்கு நூறு உண்மையான காட்சி. அதிகாலை மூன்று மணிக்கு ஒரு தாயின் முகம் மாறியிருப்பதை முதலில் காண்பது பெரும்பாலும் கொன்சல்ரன்ற் அல்ல. மருத்துவமாது காண்பார், தாதி காண்பார், சிலவேளை பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பெண் காண்பாள். அவர்கள் சொல்லப் பயப்படுகிற வாட்டில் ஆட்கள் சாவார்கள். தாழ்மை என்பது நல்ல பழக்கவழக்கத்தோடு நின்றுவிடுவதல்ல என்று நான் படித்தது அங்கேதான்.

எங்கள் மண்ணிலும் ஓர் உதாரணம் உண்டு. 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துச் சனத்துக்கு வைத்தியர் இல்லை என்று கண்டார். அதனால் 1860களில் தமிழிலேயே கற்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வந்தது. அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60க்கு மேற்பட்டோர். ஒரு படித்த மனிதன் தன் மொழியை ஒருபக்கம் வைத்துவிட்டு, நோயாளியின் மொழியில் எழுத்துக்கூட்டி ஆரம்பிப்பதை நினைத்துப் பாருங்கள். யோர்தானில் முழுகுவது அதுதான்.

இனி, கொஞ்சம் கடினமான விடயம். தேவனுடைய சர்வ அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் எல்லோரும் சொல்லும் ஒரு சொல் உண்டு: தேவசித்தம். சைவ வீடுகளிலிருந்து வந்த என் சிநேகிதிகள் 'எல்லாம் அவன் செயல்' என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் கடிதத்தில் 'தேவசித்தமானால் தை மாதம் வருவோம்' என்று எழுதுவார்கள். யாக்கோபு தமது நிருபத்தில் கற்பிக்கும் பழக்கம் அது. நாளை எங்கள் கையில் இல்லை என்று ஒத்துக்கொள்வது. எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் அதே சொல்லை முடிந்துபோன காரியத்தின்மேல் மூடியாகப் போடும்போது எனக்குச் சம்மதமில்லை. இளம் தாய் ஒருத்தி பிரசவத்தில் இறந்தால், அது தேவசித்தம் என்று செத்தவீட்டில் சொல்கிறோம். சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். 1940களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது 30 அளவில் இருக்கிறது. தேவனுடைய சித்தம் இடையில் மாறிவிட்டதா? மருத்துவமாதர்கள் ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் போனார்கள். ஆஸ்பத்திரிகள் வந்தன, இரத்த வங்கி வந்தது. இன்று ஒரு தாய் இறந்தால் ஆஸ்பத்திரியிலும் மாவட்டத்திலும் கூடிப் பேசி, பிறகு குடும்ப சுகாதாரப் பணியகம் தேசிய மட்டத்தில் ஆராய்கிறது. யாரைத் தண்டிக்கலாம் என்பதற்காக அல்ல. எந்த இடத்தில் பிந்தினோம், அடுத்த தாய்க்கு என்ன செய்யலாம் என்பதற்காக. பேராசிரியரும் வீடுவீடாகப் போன மருத்துவமாதுவும் ஒரே மேசையில் இருந்து, எங்களுக்குத் தெரியாதது என்ன என்று கேட்கிறார்கள். தேவனுக்கு முன்பாகத் தாழ்ந்திருப்பது எப்படி என்று என்னிடம் கேட்டால், அந்தக் கூட்டத்தைத்தான் காட்டுவேன். கோப்பை மூடிவிட்டு மேலே கையைக் காட்டுவது பணிவு அல்ல, சோம்பல்.

அப்படியானால் விடையே கிடைக்காத துன்பத்தை என்ன செய்வது? என் வகுப்பார் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை, 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்த வகுப்பு ஒன்றாக இருந்ததே இல்லை. சிலர் வன்னியில், சிலர் கொழும்பில், சிலர் ரொறன்ரோவில், இலண்டனில், சிட்னியில். திரும்பி வராதவர்களும் உண்டு. இதில் தேவன் எங்கே என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை. யோபுவின் புத்தகத்தைக் கவனித்து வாசியுங்கள். தேவனுக்காக வாதாடிய சிநேகிதர்களைத்தான் கடைசியில் அவர் கடிந்துகொள்கிறார். முறையிட்டு அழுத யோபு சரியாய்ப் பேசினான் என்கிறார். தாழ்மையுள்ளவன் வாய்பேசாதவன் என்று யார் சொன்னது?

பேதுரு தமது முதலாம் நிருபத்தைப் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று சிதறியிருந்தவர்களுக்கு எழுதினார். எங்களைப் போன்றவர்களுக்குத்தான். அதன் ஐந்தாம் அதிகாரத்தில் தேவனுடைய பலத்த கைக்குள் அடங்கியிருக்கச் சொல்கிறார், உடனே கவலைகளை அவர்மேல் வைத்துவிடச் சொல்கிறார். எங்கள் வேதாகமத்தில் இவை இரண்டு வசனங்கள். கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். கவலையை வைத்துவிடுவதே அடங்கியிருக்கும் விதம். இது டொக்டர்மாருக்கும் தாய்மாருக்கும் மிகவும் கடினம். எல்லாவற்றையும் நாங்களே தாங்குகிறோம் என்ற எண்ணம் பார்வைக்குத் தியாகம் போலிருக்கும். உள்ளே பார்த்தால் மேல்மாடியில் உலாவிய அரசன்தான். இரவுக் கடமை முடிந்தபின் வீட்டுக்குப் போய்ப் படுத்து நித்திரை கொள்வதும் ஒரு விசுவாச அறிக்கை என்று என்னிடம் வரும் இளம் டொக்டர்மாருக்குச் சொல்வேன். சிரிப்பார்கள். சிலர் நம்புகிறார்கள்.

கடைசியாக, மலர்க் குழுவினரிடம் ஒரு கேள்வி. நாமான் வீட்டுச் சிறுபெண்ணின் பெயர் எழுதப்படவில்லை. எங்கள் மலரில் அதிபர்களின் படங்கள் ஒழுங்காக இருக்கின்றன. விடுதிச்சாலையில் எங்களுக்குப் புட்டு அவித்தவர்கள், கேற்றில் நின்றவர், காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி கொண்டுவந்த மேற்றன், இவர்களுடைய பெயர்கள் எங்கே? எனக்கு மூன்று பெயர்கள் ஞாபகம் இருக்கின்றன. எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வாசலில் ஒரு கொப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தேநீருக்குப் போகும் முன் எழுதிவிட்டுப் போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதத்தில் அனுப்புங்கள். மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று கிழமை இருக்கிறதாம்.