பதினாறு பேர் போதும்

மின்விசிறிக் காற்று எட்டாத மூலையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் என் தருமபுரி மக்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு சிம்பொனி. நோட்டீசில் ஓரிடத்தில் 'சிம்பொனி', இன்னோர் இடத்தில் 'சிம்பனி' என்று அச்சாகியிருக்கிறது. எப்படி அச்சடித்தால் என்ன, அந்தச் சொல் நம் ஊர் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. யாரால் வந்தது? பெயரைச் சொல்லவா? பண்ணைப்புரம் என்று சொன்னால் போதாதா?

பாருங்கள், இளையராஜா என்று பெயரைச் சொல்வதற்குள் கைதட்டு!

2025 மார்ச் 8. லண்டன் மாநகரம். ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. 1946இல் அந்தக் குழு தொடங்கியபோது நம் ஆள் பண்ணைப்புரத்துத் தெருவில் மூன்று வயதுப் பிள்ளை. எண்பத்தோரு வயதில் அவர் எழுதிய 'வேலியன்ட்' சிம்பொனியை அதே குழு உட்கார்ந்து வாசித்தது. எதிரே வைத்த தாளில் அவர் என்ன எழுதினாரோ அது, ஒரு சுரம் கூட்டாமல், ஒரு சுரம் குறைக்காமல்!

அந்தக் குழுக்களின் வழக்கம் ஒன்று சொல்கிறேன். கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் 'ஓபோ' என்கிற குழல் ஒரே ஒரு சுரத்தை நீட்டி ஊதும். நம் நாயனத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி அது, நம்முடையது மாதிரியே சீவாளி வைத்து ஊதுவது. வயலின்காரர்களிலிருந்து கடைசி வரிசைக்காரர் வரைக்கும் அந்த ஒரு சுரத்துக்குத்தான் தங்கள் வாத்தியத்தைச் சேர்த்துக்கொள்வார்கள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் ஒத்துக்காரர் ஞாபகம் வந்துவிடும். பாப்பாரப்பட்டிப் பக்கம். பெயர் வேண்டாம், சொன்னால் கூச்சப்படுவார். ஒத்து என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பார்ப்பதற்கு நாயனம் மாதிரிதான் இருக்கும், விரல் வைத்து வாசிக்கிற வேலை கிடையாது. கீழே நாலைந்து துளை. கட்டைவிரலால் மெழுகை உருட்டி, ஒரு துளையைக் கொஞ்சம் அடைத்து, ஊதிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அடைத்துச் சுருதி சேர்ப்பார். பிறகு ஆரம்பித்தால் ஆரம்பித்ததுதான். கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி உப்பும். மூக்கு மூச்சை இழுக்கும், கன்னத்துக் காற்று குழலுக்குள் போய்க்கொண்டிருக்கும். பையனாக இருந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, எப்போது மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். கடைசி வரைக்கும் முடிந்ததில்லை.

ஒரு கல்யாணம். முகூர்த்த நேரம். மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் சொன்ன எடையில் இல்லை என்று சம்பந்திகளுக்குள் தகராறு. துண்டு உதறுகிறார்கள், செருப்பு மாட்டுகிறார்கள். தவில் நின்றது. நாயனம் நின்றது. நம் ஒத்துக்காரருக்கு மட்டும் கண் மூடியிருக்கிறது. அவருக்கென்ன மோதிரமா, எடையா? 'பீ...' என்று அது பாட்டுக்குப் போகிறது! மாப்பிள்ளையின் சித்தப்பா "என்னய்யா நினைச்சீங்க" என்று கத்துகிறார், பெண்ணின் மாமா காதில் விழவில்லை. "என்ன சொன்னீங்க?" என்கிறார். மறுபடியும் கத்துகிறார். மறுபடியும் "பீ..." முதலில் மணப்பெண் சிரித்தாள். அவள் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. தாலி ஏறிவிட்டது!

சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிட்டது எந்தப் பந்தி தெரியுமா? கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்து, அப்பளம் தீர்ந்து, ரசமும் சோறும். இதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விடமாட்டேன்.

'ஒத்து ஊதுகிறான்' என்று ஒருவனைத் திட்டுகிறோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம்! இந்த ஊரில் சிலபேர் போன வருடம் ஒருவருக்கு ஊதினார்கள், இந்த வருடம் இன்னொருவருக்கு ஊதுகிறார்கள், வருகிற வருடம் யாருக்கென்று அவர்களுக்கே தெரியாது. ஒத்து என்றால் சுருதி மாறக் கூடாதய்யா! அவர்களைப் போய் ஒத்து என்று சொல்வது ஒத்துக்கு அவமானம். பெங்களூரிலிருந்து வருகிற லைட் மியூசிக் பார்ட்டிக்கு முன்பணம் முழுசாகக் கொடுத்துவிட்டு, உள்ளூர் மேளக்காரரை "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ" என்று அனுப்புகிறவர்களும் அவர்கள்தான். யார் என்று கேட்காதீர்கள். நீங்கள் பார்க்கிற பக்கத்தைத்தான் நானும் பார்க்கிறேன்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 'தலைப்புக்கு வரவும்.' வருகிறேன் ஐயா.

ஜெர்மனியில் லைப்சிக் என்று ஒரு ஊர். வியாபாரிகள் ஊர், சந்தைக்குப் பேர் போன ஊர். 1743இல் அங்கே வணிகர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களுமாகப் பதினாறு பேர் கூடினார்கள். பதினாறு வாத்தியக்காரர்களை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். ராஜா கொடுத்த மானியம் இல்லை. பதினாறு பேர் மடியை அவிழ்த்தார்கள், பதினாறு பேர் வாசித்தார்கள். கொஞ்ச நாளில் கச்சேரி நடந்த இடம் என்ன அரண்மனையா? 'மூன்று அன்னங்கள்' என்று பேர் போட்ட ஒரு சத்திரம்! 1781இல் ஜவுளிக்காரர்கள் துணி விற்ற கட்டடத்தின் மாடியில் ஒரு அரங்கம் கட்டிக் கொடுத்தார்கள். கெவான்ட்ஹவுஸ் என்ற பெயருக்கு அர்த்தமே துணி மண்டபம்தான். இன்றைக்கும் அந்தக் குழுவுக்கு அதுதான் பெயர். நம் பட்டுக்கூடு அங்காடிக்கு மேலே ஒரு மாடி எழுப்பி, அதில் கச்சேரி வைத்து, அந்தப் பெயரை உலகமே சொல்கிற மாதிரி!

1835இல் இசையமைப்பாளர் மெண்டல்சன் வந்து அந்தக் குழுவை நடத்தினார், வயது இருபத்தாறு. அவர் காலத்துக்குப் பிறகு ஊர் அவருக்குச் சிலை வைத்தது. யூதராகப் பிறந்தவர் என்பதற்காக 1936இல் ஹிட்லர் ஆட்கள் அந்தச் சிலையைப் பெயர்த்தார்கள். மேயர் வெளியூர் போன நேரம் பார்த்துச் செய்தார்கள். திரும்பி வந்த மேயர் பதவியை விட்டே விலகினார். வாத்தியக்காரன் சிலைக்காக நாற்காலியை விட்ட மேயர்! நம் பக்கத்துச் சங்கத்தில் பொருளாளர் நாற்காலியைக்கூட... வேண்டாம், மறுபடியும் சீட்டு வரும்.

1989 அக்டோபர் 9. அன்றைய கிழக்கு ஜெர்மனியில் அதே லைப்சிக். எழுபதாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். எதிரே துப்பாக்கிகள். அந்த நேரத்தில் ஊர் ஒலிபெருக்கியில் ஒரு குரல், "அமைதியாக இருங்கள், பேசித் தீர்ப்போம்" என்கிற வேண்டுகோள். ஆறு பேர் கையெழுத்துப் போட்ட அந்த வேண்டுகோளை வாசித்தவர் கர்ட் மசூர், கெவான்ட்ஹவுஸ் குழுவின் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை, கோல் பிடிக்கிற கண்டக்டர். ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஊர் இருநூற்று நாற்பத்தாறு வருடம் அந்தக் குழுவுக்குச் சோறு போட்டது. குழு ஒரு நாள் ஊருக்கும் துப்பாக்கிக்கும் குறுக்கே வந்து நின்றது.

வாத்தியக்காரர்களுக்குச் சோறு போடுகிற வழக்கம் நம்மிடம் இல்லாமலா இருந்தது? மணலி முதலியார் ஒருவர் வெள்ளைக்கார ஆசிரியரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தினார். அவரிடம் பாலுஸ்வாமி தீட்சிதர் மூன்று வருடம் வயலின் கற்றுக்கொண்டார். இன்றைக்கு வயலின் இல்லாத கர்நாடக வாய்ப்பாட்டுக் கச்சேரி உண்டா? சென்னையில் சினிமா ஸ்டுடியோக்களில் வரிசை வரிசையாக வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசித்தார்களே, அது நம்முடைய கெவான்ட்ஹவுஸ் இல்லாமல் வேறென்ன? பண்ணைப்புரத்துக்காரர் 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தது முதல் அவர்களுக்குக் கைப்பட எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு கீபோர்டு வந்தது. ஒரு விரல் அழுத்தினால் முப்பது வயலின் சத்தம். வரிசைகள் காலியாயின.

எங்கள் ஊருக்கு வந்தது சின்னப் பெட்டி. மின்சாரச் சுருதிப்பெட்டி. அதற்குப் பந்தியில் இலை போட வேண்டாம், பஸ் காசு வேண்டாம். ஒத்துக்காரரைக் கூப்பிடுவது நின்றுபோனது. அவர் மகன் பெங்களூரில் கட்டட வேலை. நேரில் போய்ப் பார்த்தேன். குழல் பரணில் இருக்கிறது, உறை கிழியவில்லை. "ஊதுவீங்களாண்ணே?" என்றேன். "மெழுகு காஞ்சு போச்சு தம்பி" என்றார்.

இரண்டாவது துண்டுச்சீட்டும் வந்துவிட்டது. 'நேரம் முடிந்தது.' நல்லது. இதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. வருகிற பங்குனித் திருவிழாவுக்கு உள்ளூர் மேளம், ஒத்தோடு சேர்த்து முழுச் செட்டு. முன்பணம் கையில், சாப்பாடு முதல் பந்தியில். ஐயாயிரம் ரூபாய், முதல் பெயர் என்னுடையது. பதினைந்து வரி மிச்சம் இருக்கிறது.

தலைவர் அண்ணே, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.