எழுத்தாளர்க்கு ஒரு முகவரி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுத்தாளர் ஒருவர் தமக்கென இணையத்தளம் அமைத்துக்கொள்வது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட இரயில்வே எழுத்தருக்கு இதில் என்ன தகுதி என்று தாங்கள் எண்ணலாம். தகுதி ஒன்றுமில்லை. நம் மகளின் தொழிலை அருகிருந்து கண்ட அனுபவம் மட்டும் உண்டு; அதிலும் நாம் செய்த பிழைகளே மிகுதி.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள், அலுவலக வேலையை விட்டுவிட்டதாகவும், இனித் தனித்து நின்று எழுதியே பிழைக்கப்போவதாகவும் அவள் அறிவித்தாள். கன்னடத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழாக்குவது, நிறுவனங்களுக்குக் குறிப்பேடுகள் எழுதிக் கொடுப்பது, இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவது என்பன அவளுடைய திட்டம். மாதம் பிறந்தால் சம்பளம், நோய் வந்தால் இரயில்வே ஆஸ்பத்திரி என்று வாழ்ந்த நமக்கும் நம் இல்லாளுக்கும் அன்று இரவு உறக்கமில்லை. தமிழில் எழுதியோர் பலரும் வேறோர் ஊதியத்தின் நிழலில் நின்றே எழுதினர். இதே பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டுதான் சுஜாதா அவர்கள் வார இதழ்களுக்கு எழுதினார். அந்த நிழலும் வேண்டாம் என்பவளுக்கு வேலை தருவார் யார்? இவள் இருக்கிறாள் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

இந்நகரில் வேலை தருபவர் வீடு தேடி வருவதில்லை. இரவு உணவுக்குப் பின் கைப்பேசியில் தேடுகிறார். வேண்டியது கண்ணில் பட்டால் நிற்கிறார்; படாவிட்டால் அடுத்தவரிடம் போய்விடுகிறார். ஆதலால் தளம் ஒன்று வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

இலவசமாகக் கிடைத்த ஓரிடத்தில் முதல் தளத்தை அமைத்தாள். திறந்தவுடன் மயிற்பீலி அசையும், வீணை ஒலிக்கும், எழுத்தின் மேன்மை பற்றி நீண்டதொரு முகவுரை ஓடும். இதழ்களில் வந்த பக்கங்களைப் படம் பிடித்து வரிசையாக ஒட்டியிருந்தாள். நாம் அதைக் கண்டு பூரித்து, அலுவலக நண்பர்கள் அனைவர்க்கும் காட்டினோம். ஆறு திங்கள் கழிந்தன; ஒரு பணியும் வரவில்லை. பின்னரே ஒரு செய்தி தெரியவந்தது. மேலாளர் ஒருவர் அவளைப் பற்றிக் கேள்வியுற்றுத் தளத்திற்கு வந்திருக்கிறார். இவள் கன்னடத்திலிருந்து மொழிபெயர்ப்பாளா, எந்த எண்ணில் அழைப்பது என்ற இரண்டையும் தேடிக் காணாமல், வேலையை வேறொருவர்க்குத் தந்துவிட்டார். அது மூன்று மாத வீட்டு வாடகைக்கு ஈடான பணி. அதற்குச் சில வாரங்களுக்குப் பின் அந்த இலவச இடமும் மூடப்பட்டது. படங்களோடு முகவுரையும் போயிற்று. முகவுரைக்காக நாம் வருந்தவில்லை.

அன்று நாம் அவளை ஒரு புகைவண்டி நிலையத்துப் பெயர்ப்பலகையை நினைத்துப் பார்க்கச் சொன்னோம். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. கன்னடம், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் ஊரின் பெயர். பலவற்றில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற குறிப்பு. ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவனுக்கும் இன்ன ஊர் என்று விளங்கிவிடும். அவள் சிரித்தாள். ஆயினும் புதிய தளத்தின் முதற்பக்கம் அவ்வாறே அமைந்தது: பெயர், இன்னின்ன மொழிகளில் இன்னின்ன பணி, மின்னஞ்சல், தொலைபேசி எண். வீணை ஒலிக்கவில்லை.

எழுத்து மாதிரிகள் அறுபது வேண்டியதில்லை, ஆறு போதும். ஒவ்வொரு வகைப் பணிக்கும் ஒன்று இருத்தல் நலம். அவை படங்களாக அன்றி எழுத்தாகவே இருக்க வேண்டும். எழுத்தாக இருந்தால் தேடுபொறி எளிதில் கண்டெடுக்கும்; கண்பார்வை அற்றோரின் கணினியும் உரக்கப் படித்துக் காட்டும். 1995 ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழை இணையத்தில் ஏற்றினார். எனினும் பல ஆண்டுகள் ஆளுக்கொரு எழுத்துருவாக இருந்து, ஒருவர் தளம் மற்றவர்க்குப் புரியாக் கிறுக்கலாய்த் தெரிந்த காலம் ஒன்று உண்டு. யூனிகோடு முறை பரவிய பின் அத்தொல்லை நீங்கிற்று. இன்று தமிழைப் படமாக ஒட்டுவோர் அத்தொல்லையைத் தாமே விலைக்கு வாங்குகின்றனர்.

மாதிரியை இடுமுன் அது யாருடைய உடைமை என்று பார்க்க வேண்டும். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊதியத்திற்குப் பணியாற்றாமல் தனித்து எழுதுபவரே பொதுவாகத் தம் கட்டுரைக்கு முதல் உரிமையாளர். உரிமையைப் பிறர்க்கு மாற்றுவதாயின் எழுத்து வடிவில் கையொப்பம் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிக்காவிடின் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். அவள் கையொப்பமிட்ட பத்திரங்களை நாமே எடுத்துப் படித்தோம். இரயில்வேச் சுற்றறிக்கைகளோடு பழகிய கண்களுக்கு அது கடினமாக இல்லை.

அடுத்தது களப்பெயர், அதாவது தளத்தின் முகவரி. நம் பெங்களூர் நகர நிலையம் 2014 இல் பெங்களூரு ஆயிற்று. 2016 இல் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணர் பெயர் பெற்றது. ஆயினும் பயணச்சீட்டில் எஸ்.பி.சி. என்ற குறியீடு மாறவில்லை. எழுத்தாளர் முகவரியும் அவ்வாறு நிலைக்க வேண்டுமாயின் அது இரவல் இடத்தில் இருத்தலாகாது. ஜியோசிட்டீஸ் என்ற பெரிய இலவசக் குடியிருப்பை 2009 இல் யாஹு நிறுவனம் மூடியபோது அங்கிருந்தோர் வெளியேற நேர்ந்தது. சொந்தப் பெயரோ ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். அது விலையன்று, குத்தகையே. சீசன் டிக்கெட்டைப் போல உரிய நாளில் புதுப்பிக்காவிடின் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவற்றின் படி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

சொந்த இடம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஜெயமோகன் அவர்கள் சான்று. தொலைபேசித் துறையில் ஊழியராக இருந்தவர் அவர். 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ என்னும் மகாபாரத நாவல் வரிசையை இணையத்தில் தொடராக வெளியிட்டு, 26 நாவல்களாக நிறைவு செய்தார். அத்துணை நீளத்தை எந்த வார இதழ் தாங்கும்? ஆனால் கூலிக்கு எழுதுவோர் நாள்தோறும் தளத்தில் எழுத வேண்டுவதில்லை. திங்களுக்கு ஒரு கட்டுரை வந்தாலே கடை திறந்திருப்பது தெரியும்.

கட்டண விகிதத்தைத் தளத்தில் அச்சிடலாமா என்பதில் மட்டும் நம் வீட்டில் இன்னும் வழக்குத் தீரவில்லை. இரயில்வேயில் கட்டணம் எவர்க்கும் மறைவன்று என்பது நம் கட்சி. பணியைப் பார்த்தபின்தான் கூலி சொல்ல இயலும் என்பது அவள் கட்சி. இதுவரை அவளே வென்றிருக்கிறாள்.

சென்ற ஆண்டு அவளுக்கு வந்த பணிகளுள் ஏறத்தாழப் பாதி அத்தளத்தின் வழியே வந்தவை. இடையில் ஒரு வரன் வந்தது. பெண் எந்த ஆபீஸில் இருக்கிறாள் என்று வினவினர். நாம் கொஞ்சம் தயங்கிப் பின் தளத்தின் முகவரியைக் கொடுத்தோம். மறுநாள் பிள்ளையின் பாட்டனார் தாமே அழைத்தார். அல்சூர் ஏரி பற்றி அவள் எழுதிய கட்டுரையை முழுதும் படித்ததாகவும், பெண்ணோடு பேச வேண்டும் என்றும் சொன்னார். சம்பந்தம் கூடிவரவில்லை. ஆனால் அக்குடும்பத்தின் எழுபதாண்டுக் கடைக் கணக்கையும் வரலாற்றையும் கன்னடத்திலிருந்து தமிழாக்கும் பணி அவளுக்குக் கிடைத்தது. பாதித் தொகையை முன்பணமாகப் பெற்ற பின்னரே தொடங்கினாள்.